எழுத்தாக மாறிய தேதி

டீ வேண்டாம், ஐயா. காலையில் ஒரு தம்ளர் குடித்துவிட்டால் எனக்கு மத்தியானம் வரைக்கும் தாங்கும். நீங்கள் குடியுங்கள், ஆறிப்போகும்.

கம்ப்யூட்டரில் கட்டம் போட்ட விரிதாள் சமாசாரமெல்லாம் எனக்கு ஒன்றும் தெரியாதம்மா என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது புரியாமல் மற்றதைக் கேட்டால், நான் ஏதோ ஆத்திரத்தில் செய்தவள் மாதிரித் தோன்றும். நான் ஆத்திரப்படுகிற ஆள் இல்லை. ஆபீஸில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இதய ஆஸ்பத்திரியில் பதிவுப் பிரிவு என் பொறுப்பு. என்னைக் ‘கட்டம் மேடம்’ என்பார்கள், முகத்துக்கு நேராகவே. விரிதாளில் ஒரு கட்டம் கோணலாக இருந்தாலும் எனக்குச் சோறு இறங்காது என்பதால் வந்த பெயர். எனக்கு அதில் வருத்தமில்லை.

கட்டத்துக்குள் நீங்கள் எதை வேண்டுமானாலும் அடிக்கலாம். அடித்தது என்ன வகை என்பதை அது தானாகத் தீர்மானித்துக்கொள்ளும். எண் என்றால் வலப்பக்கச் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். எழுத்து என்றால் இடப்பக்கச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். பார்த்த மாத்திரத்தில் எது என்னவென்று சொல்லிவிடலாம். தேதி இருக்கிறதே, அது வேஷம் கட்டிய எண். ஏதோ ஒரு பழைய நாளை ஒன்று என்று வைத்து, அதிலிருந்து இது எத்தனையாவது நாள் என்ற கணக்கைத்தான் உள்ளே வைத்திருக்கும். வெளியே நாள், மாதம், ஆண்டு என்று உடுத்திக்கொண்டு நிற்கும். உடுப்பை மாற்றினாலும் கழற்றினாலும் உள்ளே இருக்கும் எண் அசையாது.

ஒருமுறை யாரோ வயது நெடுவரிசைக்குத் தேதி உடுப்பைப் போட்டுவிட்டார்கள். நாற்பத்தைந்து வயதுக்காரருக்கு எதிரே 1900 பிப்ரவரி 14 என்று வந்து நின்றது. அறுவை சிகிச்சை டாக்டர் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, “இவருக்கு ஆபரேஷன் எதுக்கு, கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சு எல்லாரும் பாக்கற மாதிரி நிறுத்திடலாம்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் போய் உடுப்பை மாற்றினேன். நாற்பத்தைந்து பத்திரமாக உள்ளேயே இருந்தது.

இன்னொரு தடவை நோயாளி எண்ணில் முன்னால் இருந்த பூஜ்யம் காணாமல் போய், இரண்டு பேர் ஒரே ஆளாகிவிட்டார்கள். எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் இருந்தால் விரிதாள் அதைத் தின்றுவிடும். அதற்கு அது வேண்டாத பொருள். அதைத் தடுக்க, முதலில் ஓர் ஒற்றை மேற்கோள் குறியை அடித்துவிட்டு அப்புறம் எண்ணை அடிக்க வேண்டும். அந்தக் குறி கட்டத்தில் தெரியாது. ஆனால் அது இருந்தால் பின்னால் வருவது எண்ணாகவே இருந்தாலும் விரிதாள் அதை எழுத்து என்று எடுத்துக்கொள்ளும். பூஜ்யம் பிழைத்துவிடும். புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற விஷயம் இது.

அந்தக் குறியைத் தேதிக்கு முன்னால் போட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிக்கொடுப்பேன், போடக் கூடாது என்பதற்காக. பார்வைக்குத் தேதி மாதிரியே இருக்கும். ஆனால் உள்ளே எண் இருக்காது. அது வெறும் எழுத்து. பழையதிலிருந்து புதியதாக வரிசைப்படுத்தச் சொன்னால், விரிதாள் உண்மையான தேதிகளையெல்லாம் முதலில் நிறுத்தும். எழுத்துகளை அவற்றுக்கெல்லாம் பின்னால் தள்ளிவிடும். எவ்வளவு பழைய தேதியாக இருந்தாலும் கடைசிதான்.

இவ்வளவுதான், ஐயா. இதற்கு மேல் உங்களுக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை.

எங்கள் ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை இலவசம். ஆகவே கூட்டத்துக்குக் குறைவில்லை. பதிந்த தேதிப்படிதான் கூப்பிடுவோம். திங்கட்கிழமை காலையில் நான் பட்டியலை வரிசைப்படுத்தி, முதல் பக்கத்தை மட்டும் அச்செடுத்து டாக்டர் அறைக்கு அனுப்புவேன். அந்தப் பக்கத்தில் பெயர் வந்துவிட்டால் ஆள் பிழைத்த மாதிரிதான். கடைசிப் பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. எதற்குப் பார்க்க வேண்டும், நேற்று பதிந்தவர்கள்தானே அங்கே இருப்பார்கள்.

என் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அம்மா போனபோது அவள் பாலைக்கூடத் தானாகக் குடிக்கத் தெரியாத குழந்தை. அப்பா இருந்தார், ஆனால் இருந்தார் என்பதோடு சரி. அவளுக்குத் தலைவாரி, சீருடை மடித்து, காய்ச்சலுக்குத் துணி நனைத்துப் போட்டு வளர்த்தது நான். எனக்கு இரண்டு வரன்கள் வந்தன. இரண்டு வீட்டிலும் “தங்கச்சியும் கூட வருமா” என்று கேட்டார்கள். வரும் என்றேன். அவர்கள் வரவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. கேட்கிறீர்களே என்று சொல்கிறேன்.

அவள் ஒரு ஏசி மெக்கானிக்கை விரும்பிக் கட்டிக்கொண்டாள். நான் குறுக்கே நிற்கவில்லை. மாப்பிள்ளை நல்ல மனுஷன். தயவுசெய்து அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். என் வீட்டுக்கு வந்தால் சும்மா உட்கார மாட்டார். ஃபிரிட்ஜ் கதவின் ரப்பரை மாற்றுவார், கதவுக் கீலுக்கு எண்ணெய் விடுவார். தட்டில் போட்டதைச் சாப்பிடுவார். ஆனால் அவர்கள் ஊரின் அந்தக் கோடியில் குடியிருந்தார்கள். மாதத்தில் ஓரிரு ஞாயிற்றுக்கிழமை வருவார்கள், சாயங்காலம் விளக்குப் போட்டதும் செருப்பைத் தேடுவார்கள்.

அப்புறம் அவருக்கு இதயத்தில் வால்வு கெட்டுவிட்டது. மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. அவர்கள் இருந்தது மூன்றாவது மாடி. என் வீடு தரைத்தளம்; ஆஸ்பத்திரிக்கும் பக்கம். அவரும் தங்கையும் அவர்களுடைய பெண் குழந்தையுமாக மூன்று பேரும் பெட்டி படுக்கையோடு வந்துவிட்டார்கள். குழந்தை என் கட்டிலிலேயே படுத்துக்கொண்டாள். நான் ஆபீஸிலிருந்து வரும்போது வாசலில் மூன்று ஜோடி செருப்பு கிடக்கும். உள்ளே குக்கர் சத்தம் கேட்கும். “பெரியம்மா வந்தாச்சு” என்று ஒரு குரல் வரும். அந்த வீட்டில் நான் இருபது வருஷத்துக்கு மேல் குடியிருந்தேன். அவர் நோயில் விழுந்த பிறகுதான் அது வீடு மாதிரி ஆனது.

அவரைப் பதிந்தது எங்கள் டைப்பிஸ்ட். ஒப்பந்த வேலைக்கு வந்த பெண், கை சுத்தம். தேதியை ஒழுங்காகத்தான் அடித்திருந்தாள். நானே பார்த்தேன். வலப்பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றது.

மூன்று நான்கு மாதத்தில் அவர் பெயர் நடுப்பக்கங்களுக்கு ஏறி வந்துவிட்டது. நான் வீட்டில் சொன்னேன். எல்லோருக்கும் சந்தோஷம். அன்றைக்குச் சாயங்காலம் சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது தங்கை சொன்னாள்.

“ஆபரேஷன் முடிஞ்சு உடம்பு தேறினதும் கிளம்பிடலாம்னு இருக்கோம்க்கா. அவரோட அண்ணன் துறைமுகத்துகிட்ட பெரிய ஒர்க்‌ஷாப் போட்டிருக்காருல்ல, அங்க பார்ட்னரா சேத்துக்கறேன்னுட்டாரு. கீழயே வீடு. இவருக்கும் மாடி ஏற வேண்டாம்.”

“அது ரொம்பத் தூரமாச்சே” என்றேன்.

“ஒரு ராத்திரி ரயில்ல ஏறினா காலைல இறங்கிடலாம். நீயும் வந்துடேன்க்கா.”

அந்த ‘வந்துடேன்’ எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். கை கழுவிவிட்டு எழுந்தவரிடம் ‘இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க’ என்பார்களே, அந்த மாதிரி. அவள் அதை இரண்டாவது தடவை சொல்லவில்லை. கீரைத் தண்டை ஒடித்துக்கொண்டே எந்தப் பள்ளிக்கூடம், எந்தத் தெரு என்று சொல்லிக்கொண்டு போனாள். எல்லாம் முடிவாகியிருந்தது. குழந்தைக்குக்கூடத் தெரிந்திருந்தது. நான் கீரையை அலசி, அடுப்பில் வைத்தேன். உப்பு சரியாக இருந்தது என்று மாப்பிள்ளை சொன்னார்.

அடுத்த திங்கட்கிழமை அவருடைய கட்டத்தில் போய் நின்றேன். டைப்பிஸ்ட் அடித்த தேதியை அழிக்கவில்லை. ஓர் எண்ணைக்கூட மாற்றவில்லை. முன்னால் அந்த ஒரு குறியைச் சேர்த்து, நாளும் மாதமும் ஆண்டும் அப்படியே வரும்படி திரும்ப அடித்தேன். ஆண்டை இரண்டு இலக்கமாக அடித்தால் மூலையில் ஒரு பச்சை முக்கோணம் வந்து காட்டிக்கொடுத்துவிடும். நான் எப்போதும் நான்கு இலக்கமாகத்தான் அடிப்பேன். அந்தத் தேதி இடப்பக்கச் சுவருக்குப் போய் நின்றது. மற்றதெல்லாம் வலப்பக்கம், இது ஒன்று மட்டும் இடப்பக்கம். பார்க்கக் கண்ணை உறுத்தியது. ஆகவே முழு நெடுவரிசையையும் நடுவில் நிறுத்தினேன். எல்லாத் தேதியும் ஒரே மாதிரி ஆயிற்று.

அப்புறம் வரிசைப்படுத்தினேன். அவர் கடைசிப் பக்கத்தில் கடைசி ஆளாகப் போய் நின்றார்.

என் மனதில் இருந்தது தள்ளிப்போடுவது மட்டும்தான், ஐயா. குழந்தைக்கு அந்த வருஷப் பள்ளிக்கூடம் முடியட்டும் என்று நினைத்தேன். நடுவில் இடம் மாற்றினால் படிப்பு கெட்டுப்போகும். அந்தக் குறியை எடுப்பதற்கு ஒரு நொடி ஆகாது. எப்போது வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம். அது என் கையில் இருக்கிறது என்பதே ஒரு தைரியம். யாருக்கும் எந்தக் கெடுதலும் நடந்துவிடவில்லை, இன்றைக்கு இல்லாவிட்டால் அடுத்த திங்கள் என்று இருந்தேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் கீழே போனதால் அவருக்குப் பின்னால் நின்ற ஒவ்வொருவரும் ஓர் இடம் மேலே ஏறினார்கள். அதில் யாரோ ஒருத்தர் அதனால்தான் பிழைத்திருப்பார். இதையெல்லாம் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

வீட்டில் கேட்பார்கள். நேரடியாகக் கேட்க மாட்டார்கள்; என்னைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று நினைப்பார்கள். “இந்த வாரம் எப்படிக்கா போகுது” என்பாள் தங்கை. மேலே இருந்து அவசரக் கேஸ்கள் நிறைய வருகின்றன என்பேன். அது பொய்யில்லை, வந்துகொண்டுதான் இருந்தன. மற்ற நோயாளிகளின் வீட்டார் கவுன்டரில் வந்து சண்டை போடுவார்கள், டாக்டர் காரை மறிப்பார்கள், மனு எழுதுவார்கள். எங்கள் வீட்டில் யாரும் அதெல்லாம் செய்யவில்லை. நான் உள்ளே இருக்கிறேனே, பார்த்துக்கொள்வேன் என்று இருந்தார்கள்.

மாப்பிள்ளைக்குத் தலையணை ஒன்றிலிருந்து இரண்டாயிற்று. பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்கப் பழகிக்கொண்டார். சாயங்காலமானால் கணுக்கால் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழும். குழந்தை அதை ஒரு விளையாட்டு மாதிரி அழுத்திப் பார்ப்பாள். அவர் சிரித்துக்கொண்டே காலை நீட்டிக்கொடுப்பார். நான் அவருக்கு உப்பில்லாமல் தனியாகச் சமைத்தேன். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. பெற்ற தாய்கூட இப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டாள் என்று தங்கை எல்லோரிடமும் சொல்வாள். உங்கள் விசாரணையில் அக்கம்பக்கத்தாரைக் கேட்டால் இதைச் சொல்வார்கள்.

நடுவில் ஒரு தடவை அறுவை சிகிச்சை டாக்டர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். வெளிநோயாளிப் பிரிவில் பார்க்கிற சின்ன டாக்டர் ஏதோ சொல்லியிருக்கிறார்.

“அந்த ஏசி மெக்கானிக் உங்க வீட்டு ஆளாமே. நீங்க சொல்லவே இல்லையே” என்றார்.

“தங்கச்சி வீட்டுக்காரர் டாக்டர்.”

“வால்வு ரொம்ப மோசமா இருக்குன்னு சொல்றாங்க. இன்னுமா வரிசை வரல? ஒண்ணு பண்ணுங்க, அடுத்த வாரமே முன்னாடி எடுத்துக்கலாம்.”

அவருக்கு முன்னால் மேஜையில் அந்த வாரத்து முதல் பக்கம் இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். “வேண்டாம் டாக்டர். வேண்டியவங்கன்னு முன்னாடி தள்ளினேன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது. முறைப்படி வரட்டும்.”

டாக்டர் எழுந்து வந்து கதவைத் திறந்துவிட்டார். அவர் யாருக்கும் கதவைத் திறந்துவிடுகிறவர் இல்லை. அந்த மாதக் கடைசிக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் இதைச் சொன்னார். சொந்தத் தங்கை வீட்டுக்காரருக்காகக்கூட ஒரு வரி தாண்டாதவர் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். டைப்பிஸ்டுக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்கும் செய்தி வந்துவிட்டது. தங்கை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். “ஒரு வாரம் முன்னாடி எடுத்தா என்னக்கா குறைஞ்சுபோகும்” என்றாள். மாப்பிள்ளைதான் அவளை அடக்கினார். மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார். “அக்கா பண்ணதுதான் சரி. நமக்கு முன்னாடி நிக்கறவனுக்கும் பொண்டாட்டி புள்ள இருக்குல்ல.” என்னைப் பார்த்து, “நீங்க மனசைப் போட்டு உழப்பிக்காதீங்கக்கா” என்றார்.

அன்றைக்கு அவர் மேல் எனக்கு முதல்முறையாகக் கொஞ்சம் வெறுப்பு வந்தது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. மனுஷன் இவ்வளவு நல்லவராக இருக்க வேண்டிய அவசியமில்லை.

பள்ளிக்கூட வருஷம் முடிந்தது. எடுத்துவிடலாம் என்று அந்தக் கட்டம் வரைக்கும் போனேன். அந்தச் சமயம் பார்த்துத் தங்கை புது ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எப்போது சேர்க்கிறார்கள் என்று விசாரித்து வைத்திருந்தாள். துணிமணிகளைக்கூட இரண்டாகப் பிரித்து, வேண்டாததை எனக்கென்று ஒதுக்கியிருந்தாள். சேர்க்கை முடியட்டும், அப்புறம் எடுக்கலாம் என்று கோப்பை மூடிவிட்டேன்.

அவர் செத்தது ஒரு மத்தியான வேளையில். வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை என்று, பழைய வாடிக்கைக்காரர் ஒருவரின் மருந்துக்கடைக்குப் போயிருந்தார். ஏணி ஏறவில்லை, ஒன்றும் தூக்கவில்லை. கீழே நின்று ரிமோட்டை அழுத்திப் பார்த்து என்ன கோளாறு என்று சொல்லிவிட்டு, வெளியே படியில் வந்து உட்கார்ந்திருக்கிறார். பைக்குள் கருவிகள், மடியில் பை. களைத்துப் போயிருக்கிறார் என்று கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். உள்ளே ஏசி ஓட ஆரம்பித்ததும், ‘குளிருது அண்ணே’ என்று சொல்லக் கடைக்காரர் மறுபடி வெளியே வந்திருக்கிறார். தண்ணீர் அப்படியே இருந்தது.

எனக்கு ஆபீஸுக்குத்தான் ஃபோன் வந்தது. எழுந்து போவதற்கு முன்னால் கோப்பைச் சேமித்து மூடினேன். பழக்கம்.

அதற்கப்புறம் நடந்தது உங்கள் கோப்பிலேயே இருக்கும். இறப்புச் சான்றிதழுக்காக ஆஸ்பத்திரிக்கு வந்த தங்கை, நடைக்கூடத்தில் ஓர் அம்மாளைப் பார்த்தாள். அவருடைய கணவர் எங்களுக்கு வெகுநாள் கழித்துப் பதிந்தவர்; அறுவை சிகிச்சை முடிந்து தையல் பிரிக்க வந்திருந்தார். தங்கை வீட்டுக்கு வந்து என்னைக் கேட்டாள். எனக்கும் ஒன்றும் புரியவில்லை, போலீஸில் மனு கொடுத்துப் பார்க்கலாம் என்றேன். மனுவை அவள்தான் எழுதினாள். இலக்கணப் பிழைகளை நான் திருத்திக்கொடுத்தேன். ‘அலட்சியம்’ என்று ஓர் இடத்தில் எழுதியிருந்தாள். அது சரியான சொல்தான், இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கணினி ஆள் ஒருவரை வெளியிலிருந்து வரவழைத்தார்கள். அவர் நெடுவரிசையை நடுவிலிருந்து எடுத்துப் பார்த்தார். ஒரு தேதி மட்டும் இடப்பக்கச் சுவரில் போய் ஒட்டிக்கொண்டது. எவ்வளவு சுலபம் பாருங்கள். பதிவு செய்தவர் என்ற இடத்தில் டைப்பிஸ்டின் முதலெழுத்து இருந்தது. தட்டச்சுப் பிழை என்று எழுதி, அவளை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

அவள் போவதற்கு முன்னால் என் மேஜைக்கு வந்தாள். “மேடம், நான் சரியாத்தான் அடிச்சேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. உங்க வீட்டு ஆளுன்னு தெரிஞ்சு ரெண்டு தடவை சரி பாத்தேன்” என்றாள். எல்லாருக்கும் வரும்மா, மனசில் வைத்துக்கொள்ளாதே என்றேன். என் தோளில் சாய்ந்து அழுதாள். அவளுக்காகக் கண் ஆஸ்பத்திரி ஒன்றில் சொல்லி வைத்தேன். செத்தவர் விஷயம் அங்கேயும் எட்டியிருந்தது, எடுத்துக்கொள்ளவில்லை. நான் சொல்லி வைத்தது உண்மை, கேட்டுப் பாருங்கள்.

உங்கள் அறிக்கையிலும் ‘தட்டச்சுப் பிழை’ என்றுதான் இருக்கிறது. படித்தேன். என் கோப்பில் பிழை கிடையாது, ஐயா. இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு பிழைகூட வந்ததில்லை. அதை நீங்கள் திருத்திக்கொள்ள வேண்டும்.

தங்கை இருப்பாள் என்று நினைத்தேன். அவர் போன பிறகு அவளுக்கு அங்கே என்ன இருக்கிறது? இங்கே வீடு இருக்கிறது, நான் இருக்கிறேன், குழந்தைக்குப் பழகின பள்ளிக்கூடம் இருக்கிறது. ஆனால் அவளுடைய மூத்தார், துறைமுகத்திலிருந்த மாப்பிள்ளையின் அண்ணன், லாரியோடு வந்தார். தம்பிக்குச் சொன்ன வார்த்தை தம்பி பிள்ளைக்கும்தான் என்றார். அவள் பெட்டியைக் கட்ட ஆரம்பித்தாள்.

சாமான் ஏற்றும்போது என்னிடம் வந்து நின்றாள். அழவில்லை. “உனக்குத் தெரியாம அந்த ஆஸ்பத்திரியில ஒரு தேதி மாறுமாக்கா?” என்று கேட்டாள்.

நான் விளக்கிச் சொன்னேன். எண் எப்படி, எழுத்து எப்படி, அந்தக் குறி போட்டால் கண்ணுக்கு எப்படித் தெரியாமல் போகும், எல்லாம் உங்களுக்குச் சொன்ன மாதிரியே பொறுமையாகச் சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டாள். கேட்டு முடித்ததும், “அந்தக் குறியை அந்த டைப்பிஸ்டுக்குச் சொல்லிக்கொடுத்தது யாரு?” என்றாள். குழந்தையைத் தூக்கி லாரியில் வைத்துவிட்டு, அவளும் ஏறிக்கொண்டாள்.

ஆரம்பத்தில் வாரத்துக்கொரு தடவை ஃபோன் பண்ணினேன். குழந்தை பேசினாள். பிறகு, “அப்புறம் பேசறேன் பெரியம்மா” என்றாள். பிறகு அந்த எண்ணே இல்லை என்று ஒரு குரல் சொல்ல ஆரம்பித்தது. துறைமுகத்துக்கு ரயிலேறிப் போனேன். ஒர்க்‌ஷாப் இருந்தது. மூத்தார் நாற்காலி போட்டு உட்கார வைத்து, காபி வாங்கிக்கொடுத்து, அவர்கள் வீடு மாறிவிட்டார்கள், எங்கே என்று சொல்லக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள் என்றார். மரியாதையான மனுஷன். நான் திரும்பி வந்துவிட்டேன்.

ஆகவேதான் உங்களிடம் வந்தேன். யோசித்துப் பார்த்துத்தான் வந்தேன். அந்தக் குறியைப் போட்டது நான். தெரிந்தே போட்டேன், எடுக்கச் சந்தர்ப்பம் இருந்தும் எடுக்கவில்லை, டாக்டரே அவரை முன்கூட்டி எடுத்துக்கொள்ளலாம் என்றபோதும் வேண்டாம் என்றேன். நீங்கள் எந்தப் பிரிவில் எழுதினாலும் கையெழுத்துப் போடுகிறேன். மூடின கோப்பைத் திறக்க இது போதும் அல்லவா?

திறந்தால் மனு கொடுத்தவரைக் கூப்பிட்டாக வேண்டும். விசாரித்துத்தான் சொல்கிறேன், அதுதான் முறை. அவள் எங்கே இருந்தாலும் நீங்கள் கூப்பிட்டால் வந்துதான் ஆக வேண்டும். முகவரியை நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள், உங்களுக்கு அது ஒரு பெரிய காரியமில்லை. ஒரே ஒரு விண்ணப்பம். பரீட்சை சமயத்தில் நாள் குறிக்காதீர்கள், குழந்தையையும் கூட்டிக்கொண்டு வரட்டும். தங்குவதற்கு லாட்ஜ் எதுவும் பார்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள். என்னை நீங்கள் உள்ளே வைத்துக்கொண்டாலும் வீடு காலியாகத்தானே இருக்கும். பெருக்கித் துடைத்து, படுக்கை விரித்து வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

அவள் வாக்குமூலம் கொடுக்கும்போது நானும் அறையில் இருக்க அனுமதி வேண்டும். அன்றைக்கு லாரி அவசரத்தில் அவள் சரியாகக் கேட்கவில்லை. இந்தத் தடவை எதிரே உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னால் புரிந்துகொள்வாள். பள்ளிக்கூடத்தில் படித்தபோதும் அவளுக்கு அப்படித்தான், ஐயா. வேறு யார் சொல்லிக்கொடுத்தாலும் மண்டையில் ஏறாது, நான் சொன்னால்தான் ஏறும்.